வராதவரின் பதில்

2013 ஜூன் மாதம். சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு மதியம் அப்பா போன் செய்தார். வேலை நேரத்தில் அழைக்கிற வழக்கமே இல்லாதவர். பயந்துகொண்டே எடுத்தேன்.

"கண்ணு, கேஸ் ஜெயிச்சுருச்சு."

"எப்படிப்பா? விசாரணையே ஆரம்பிக்கலையே?"

"அவன் வரவே இல்ல. கூப்பிட்டுப் பாத்தாங்க, ஆளும் வரல, வக்கீலும் வரல. எக்ஸ் பார்ட்டின்னு போட்டு டிகிரி குடுத்துட்டாங்க."

அன்று மாலை நண்பர்களுக்கு பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். நீதி கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். இப்போது அந்த நாளை நினைத்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. நாங்கள் ஜெயித்தது ஒரு காலி இடத்தை எதிர்த்து. எங்கள் கணக்கு சரியா தவறா என்று யாருமே கேட்டிருக்கவில்லை.

அப்பா திருப்பூர் பக்கத்தில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருந்தார். வெல்டிங், ஃபேப்ரிகேஷன். சாயப்பட்டறைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிகள், பைப் லைன்கள் செய்து கொடுப்பதுதான் முக்கிய வேலை. 2010இல் ஒரு சாயப்பட்டறைக்கு நான்கு தொட்டிகளும் லைனும் போட்டுக் கொடுத்தார். பில் 6,40,000 ரூபாய். முன்பணம் 2,00,000. மீதியை "அடுத்த மாசம் அண்ணா, அடுத்த மாசம் அண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் பட்டறைக்காரர். 2011 ஜனவரியில், கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யல் ஆற்றுக்கும் அதை நம்பியிருந்த விவசாயிகளுக்கும் அது தேவையான உத்தரவு. ஆனால் ஊரில் யாருக்கு யார் பணம் தரவேண்டியிருந்ததோ, அத்தனை கணக்கும் அந்த மாதத்தோடு நின்றுபோனது. அவருடைய பட்டறைக்கும் பூட்டு. அப்பா ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு 2012இல் சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 4,40,000 ரூபாயும் வட்டியும்.

டிகிரி வந்த பிறகு நிறைவேற்று மனு, ஜப்தி என்று போனபோதுதான் அந்த மனிதர் வந்தார். 2014 செப்டம்பர். டிகிரியை ரத்து செய்யச் சொல்லி ஒரு மனு, அந்த மனுவைப் போடுவதில் ஏற்பட்ட 417 நாள் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. காரணம்: மஞ்சள் காமாலை. கிராமத்தில் தங்கி நாட்டு மருந்து சாப்பிட்டாராம்.

அப்பாவின் வக்கீல் சிரித்தாராம். "எல்லாருக்கும் இந்த வியாதிதாங்க வருது. கோர்ட்டுல வேற நோயே கிடையாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. 417 நாட்கள் காமாலையா? ஜெயித்த கேஸை மறுபடி முதலிலிருந்து நடத்த வேண்டுமா? இது என்ன நியாயம்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் பத்து வருடமாகத் தேடிக்கொண்டிருக்கும் பதில். நான் சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் வேலை நிமித்தமாக மௌனத்தோடு மல்லுக்கட்டுகிறவன்.

*

மௌனம் என்று சொல்வது விளையாட்டுக்கு அல்ல. நான் வேலை செய்வது பணப் பரிமாற்ற மென்பொருளில். ஒரு கணினி இன்னொரு கணினியிடம் "இந்தக் கணக்கிலிருந்து ஐநூறு ரூபாய் எடு" என்று கேட்கிறது. பதில் வரவில்லை. இப்போது என்ன அர்த்தம்? அந்தக் கணினி செத்துவிட்டதா, மெதுவாக ஓடுகிறதா, கேள்வியே போய்ச் சேரவில்லையா, அல்லது பணத்தை எடுத்துவிட்டு அனுப்பிய பதில் வழியில் தொலைந்ததா? யுபிஐயில் பணம் அனுப்பிவிட்டு 'பெண்டிங்' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே பெட்டிக்கடை முன்னால் நின்றிருக்கிறீர்கள் அல்லவா? அந்தத் தவிப்புதான் எங்கள் துறையின் அடிப்படைச் சிக்கல். 1985இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற மூவர் இதைக் கணிதமாகவே நிரூபித்தார்கள். செய்தி வந்துசேர இவ்வளவு நேரம்தான் ஆகும் என்ற உத்தரவாதம் இல்லாத அமைப்பில், ஒரே ஒரு உறுப்பு பழுதாகக்கூடும் என்றாலே போதும், எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தே தீருவார்கள் என்று உறுதி தரும் நிச்சயமான வழிமுறை எதுவும் இருக்க முடியாது. மெதுவாக இருப்பவனையும் செத்தவனையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் பிரச்சினை.

அப்படியானால் என்ன செய்கிறோம்? ஒரு கெடு வைக்கிறோம். முப்பது நொடிக்குள் பதில் வராவிட்டால் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறோம். இது உண்மையைக் கண்டுபிடிக்கும் வழி அல்ல என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் கெடு இல்லையென்றால் ஒரே ஒரு பதில் சொல்லாத கணினிக்காக மொத்த அமைப்பும் உறைந்து நிற்கும். அதனால் கெடு வேண்டும். அதே சமயம், கெடுவை வைத்து எடுத்த முடிவு தவறாகலாம் என்பதால் அதைத் திருப்பி எடுக்கும் வழியும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக் கட்டிய அமைப்பை எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார்.

எக்ஸ் பார்ட்டி டிகிரி நீதிமன்றத்தின் கெடு. அதை ரத்து செய்யும் மனு, திருப்பி எடுக்கும் வழி. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒன்பதாவது ஆணை, பதிமூன்றாவது விதி. இரண்டே காரணங்கள்தான் அதில் உண்டு. ஒன்று, சம்மன் முறையாகச் சேரவில்லை. இரண்டு, வரமுடியாதபடி தடுத்த 'போதுமான காரணம்' ஒன்று இருந்தது. மனுவை 30 நாளுக்குள் போட வேண்டும். சம்மனே சேரவில்லை என்றால் டிகிரியைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். தாமதமானால் அதற்கும் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். சம்மன் சேர்த்த முறையில் சின்னக் குறை இருந்தது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு தப்பிக்கவும் முடியாது. வழக்குத் தேதி தெரிந்திருந்தது, வருவதற்கு நேரமும் இருந்தது என்றால் அந்தக் குறை செல்லாது.

இந்த விதியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அது கேட்பதெல்லாம் "ஏன் வரவில்லை?" என்ற ஒரே கேள்விதான். "வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?" என்று அது கேட்கவில்லை.

*

இங்கிலாந்தில் கேள்வி வேறு. அங்கே விதிப்படி பெறப்படாத டிகிரி என்றால் நீதிமன்றம் அதை ரத்து செய்தே ஆகவேண்டும். விதிப்படி பெறப்பட்டது என்றால், பிரதிவாதியிடம் ஜெயிக்க உண்மையான வாய்ப்புள்ள ஒரு வாதம் இருக்கிறதா, அல்லது வேறு நல்ல காரணம் உண்டா, தெரிந்த உடனே ஓடி வந்தாரா என்று பார்க்கிறார்கள். இதற்குப் பின்னால் இருப்பது 1937இல் பிரபுக்கள் சபை தீர்த்த எவன்ஸ் எதிர் பார்ட்லம் என்ற வழக்கு. பந்தயக் கடன். பிரதிவாதி வராமல் தோற்றார். அதற்குப் பிறகு பணம் கட்ட அவகாசம்கூடக் கேட்டார். அப்புறம்தான் பந்தயக் கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது என்று ஒரு சட்டம் இருப்பது அவருக்குத் தெரியவந்தது. டிகிரியை ரத்து செய்தார்கள். விவகாரத்தின் உள்ளே போய்ப் பார்த்தோ, இருவரும் சம்மதித்தோ தீர்ப்புச் சொல்லாதவரை, விதியைப் பின்பற்றத் தவறியதால் மட்டுமே எழுந்த ஓர் ஆணையைத் திரும்பப் பெறும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இருக்கிறது என்பது அட்கின் பிரபு சொன்னதன் சாரம்.

முதன்முதலாக இதைப் படித்தபோது, இதுதான் சரி என்று தோன்றியது. சொல்ல ஏதாவது இருக்கிறவனைத் திரும்பக் கூப்பிடு. ஒன்றும் இல்லாதவனுக்காக ஏன் எல்லோர் நேரத்தையும் வீணாக்க வேண்டும்?

அந்த எண்ணத்தை உடைத்தது ஓர் அமெரிக்க வழக்கு. டெக்சாஸ் மாநிலம். ஒரு மருத்துவமனை, பெரால்டா என்பவர் மேல் சுமார் 5,600 டாலருக்கு வழக்குப் போட்டது. அவருடைய ஊழியர் ஒருவரின் மருத்துவச் செலவுக்கு அவர் ஜாமீன் நின்றார் என்பது வழக்கு. அவருக்கு நோட்டீஸ் முறையாகச் சேரவே இல்லை என்கிறார். அவர் வராமலேயே தீர்ப்பு வந்து, அவருடைய சொத்து அடிமாட்டு விலைக்கு ஏலம் போனது. ரத்து செய்யச் சொல்லி வந்தபோது மாநில நீதிமன்றங்கள் கேட்டன: உன்னிடம் நல்ல எதிர்வாதம் இருக்கிறதா? இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். கடன் உண்மைதான். அப்படியானால் ரத்து செய்து என்ன பயன், மறுபடி அதே தீர்ப்புத்தானே வரும்?

1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. நோட்டீஸ் கிடைத்திருந்தால் அவர் அந்த ஊழியரை வழக்கில் இழுத்திருக்கலாம். சமரசம் பேசியிருக்கலாம். கடனைக் கட்டியிருக்கலாம். சொத்தைத் தானே நல்ல விலைக்கு விற்றிருக்கலாம். வழக்கில் தோற்கப்போகிற மனிதனுக்கும் தோற்கும் விதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது.

இதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். நீதிமன்றத்தில் கேட்கப்படுவது என்பது ஜெயிப்பதற்கான கருவி மட்டும் அல்ல. 'என் விஷயம் நடக்கிறது, நான் அங்கே இருக்கிறேன்' என்பதே ஒரு மதிப்பு. சிலப்பதிகாரத்தில் நம்மை இன்றுவரை உறுத்துவது எது? கோவலன் நிரபராதி என்பது மட்டுமா? பொற்கொல்லன் சொன்னதைக் கேட்ட பாண்டியன், கோவலன் பக்கம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதும்தானே? சிலம்பை உடைத்து மாணிக்கத்தைக் காட்ட கண்ணகி வந்தபோது, ரத்து செய்ய அங்கே எதுவும் மிச்சமில்லை. தீர்ப்பு நிறைவேறிவிட்டது.

ஆக, சொல்லப்படாதவரிடம் "உன் வாதம் என்ன?" என்று கேட்பதே தவறு. அவருக்கு டிகிரியை ரத்து செய்வது சலுகை அல்ல, கடன். டெபாசிட், செலவுத்தொகை போன்ற எந்த நிபந்தனையும் கூடாது. இது எளிதான பகுதி.

*

கடினமான பகுதி, தெரிந்தும் வராதவர்.

எங்கள் வழக்கில் சம்மன் முறையாகவே போயிருந்தது. அமீனா முதலில் பூட்டிய சாயப்பட்டறைக்குப் போய்க் கதவில் ஒட்டினார். பிறகு வீட்டுக்குப் போனார். அந்த மனிதரின் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார். குடும்பத்தில் உடன் வசிக்கும் வயது வந்தவர் வாங்கினால் செல்லும். எனவே முதல் காரணம் அவருக்குக் கிடையாது. மிச்சமிருப்பது 'போதுமான காரணம்'. அதனால் காமாலை.

தெரிந்தும் வராதவர் என்று நாம் ஒரே பெயர் வைத்தாலும் அதற்குள் பலர் இருக்கிறார்கள். வக்கீலை நம்பிக் கெட்டவர் ஒருவர். என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி என்ற வழக்கு சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அது நில உரிமை வழக்கு, வியாபார வழக்கு அல்ல. ஆனாலும் தாமதத்தைப் பற்றிய எந்தப் பேச்சிலும் வந்துவிடும். 883 நாள் தாமதம். வக்கீல் வழக்கைக் கைவிட்டதோடு கட்சிக்காரரிடம் ஒன்றுமே சொல்லவில்லை. அவர் நுகர்வோர் மன்றம் போய் அந்த வக்கீலிடமிருந்து 50,000 ரூபாய் இழப்பீட்டுக்கு ஆணையும் வாங்கினார். 1998இல் உச்ச நீதிமன்றம் தாமதத்தை மன்னித்தது. நாட்களின் எண்ணிக்கை முக்கியமல்ல, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றது.

இன்னொருவர் வேண்டுமென்றே வராதவர். வியாபாரத்தில் இவரை எல்லோருக்கும் தெரியும். பணம் தரவேண்டியவருக்குக் காலம் ஒரு வட்டியில்லாக் கடன். முதலில் வராமல் இரு. டிகிரி வரட்டும். ஜப்தி வரும்போது வந்து ரத்து செய். மனு தள்ளுபடி ஆனால் அப்பீல் போ. நான்கைந்து வருடம் ஓடிவிடும். அதற்குள் எதிராளி பாதிக்குச் சம்மதித்துவிடுவான். இவரைப் பார்த்துத்தான் சட்டம் இறுகுகிறது. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளில், சம்மன் கிடைத்து 120 நாளுக்குள் எதிர்வாதவுரை போடாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். நீதிமன்றத்தால்கூட நீட்டிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்று லட்ச ரூபாய் வழக்கே இந்தச் சட்டத்துக்குள் வரலாம் என்பதால், அப்பா மாதிரி பட்டறைக்காரர்களுக்கும் இது பொருந்தும். சிறு தொழில் வளர்ச்சிச் சட்டத்தில் இன்னும் கடுமை: சப்ளையருக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை எதிர்க்க வேண்டுமென்றால் முதலில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுப் பேசு. அப்பா தன் பட்டறையை அதில் பதிவு செய்திருக்கவில்லை. யாரும் சொல்லவில்லை.

இந்த இறுக்கத்தை எதிர்க்க எனக்கு மனம் வரவில்லை. டிகிரிக்கும் ரத்து மனுவுக்கும் இடைப்பட்ட அந்த 417 சொச்சம் நாட்களில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். இரும்புக்கடைக்காரருக்குக் கடன் பாக்கி. இரண்டு வெல்டர்களை அப்பா நிறுத்தினார். அதில் ஒருவர் என்னைத் தூக்கி வளர்த்தவர். "தாமதத்தை மன்னித்தோம்" என்று ஒரு வரியில் எழுதும்போது, மன்னிப்பவர் நீதிபதி, விலை கொடுப்பவர் வேறொருவர்.

ஆனால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். சட்டத்தில் அவருக்குப் பெயரே இல்லை.

*

2015இல் நீதிமன்றம் டிகிரியை ரத்து செய்தது. சும்மா அல்ல, டிகிரி தொகையில் பாதியை எட்டு வாரத்துக்குள் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும், எங்களுக்குச் செலவுத்தொகை தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. அப்படி நிபந்தனை போட அந்த விதியே இடம் தருகிறது. அவர் கட்டினார். வழக்கு மறுபடி ஆரம்பித்தது. சாட்சி விசாரணைக்கு முன்பே, 2016இல், லோக் அதாலத்துக்குப் போனது. அன்று நான் லீவு போட்டுவிட்டு அப்பாவோடு போயிருந்தேன்.

உட்கார்ந்து பேச ஆரம்பித்த ஐந்து நிமிடத்தில், எவ்வளவு வந்தால் சம்மதம் என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா யோசிக்கவே இல்லை. "மூணு லட்சத்து அம்பத்தஞ்சாயிரம். வட்டி வேண்டாமுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு நாற்பது எங்கே, மூணு ஐம்பத்தைந்து எங்கே? எதிரே இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். பேரம் பேசவில்லை. கையெழுத்தானது.

வெளியே வந்து பேக்கரியில் டீ குடித்தோம். அவரும் வந்தார். அப்பாதான் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் மழை, நூல் விலை என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு அவராகவே சொன்னார்.

"அண்ணா, எனக்குக் காமாலையெல்லாம் இல்லீங்க. சம்மன் வந்தது தெரியும். பிரிக்கல."

"ஏன் தம்பி?"

"பேங்க்ல இருந்து ஒண்ணு, சாயக் கெமிக்கல்காரங்க ஒண்ணு, வாடகைக்கு ஒண்ணு. எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு பீரோ மேல வச்சுட்டேன். அதைப் பாத்தாலே வயித்தக் கலக்கும். உங்க கவரும் அதுலதான் கெடந்துச்சு. உங்களுது எதுன்னுகூடத் தெரியாது."

அவருக்கு வராமல் இருப்பதில் எந்தத் தந்திரமும் இல்லை. நோயும் இல்லை. பயமும் வெட்கமும்தான். இதை அவர் மனுவில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "கவரைப் பிரிக்கப் பயமாக இருந்தது" என்பது போதுமான காரணம் அல்ல. அது அலட்சியம். வரவேண்டும் என்று பிரதிவாதி நேர்மையாக எண்ணினாரா, அதற்காகத் தன்னால் ஆனதைச் செய்தாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். 2011இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்ன அளவுகோல் அது. அதில் இவர் தேறமாட்டார். எனவே உண்மையை மறைத்துக் காமாலையைச் சொன்னார். அந்தப் பொய் எல்லோருக்கும் தெரிந்த பொய்: வக்கீலுக்குத் தெரியும், எங்கள் வக்கீலுக்குத் தெரியும், நீதிபதிக்கும் தெரியாமலா இருக்கும்? "ஏன் வரவில்லை?" என்று மட்டும் கேட்கும் விதி, பயந்த மனிதனைப் பொய்யனாக்குகிறது. நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்த தந்திரக்காரன் அதே வாசல் வழியாக உள்ளே வருகிறான்.

அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை. போன வருடம் வரித்துறையிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சலை மூன்று வாரம் திறக்காமல் வைத்திருந்தேன். தினமும் நூறு மின்னஞ்சல் திறப்பவன். அதை மட்டும் விரல் தாண்டிப் போனது.

*

டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன்: "அது என்ன கணக்குப்பா, மூணு அம்பத்தஞ்சு?" அவர் பதில் சொல்லாமல் பட்டறைக் கணக்கு நோட்டை எடுத்து, ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

2010ஆம் வருடத்துப் பக்கம். அப்பாவின் கையெழுத்து. 'நாலாம் தொட்டி லீக். அடிப்பக்கம் வெல்டு விட்டுருச்சு. அவங்களே வேற ஆள் வச்சுச் சரி பண்ணிட்டாங்க. கழிக்கணும் 85,000.'

வழக்குப் போடுவதற்கு முன்பே எழுதியது. வழக்கில் இது இல்லை. வக்கீலிடம் அப்பா சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. "அவன் வந்து சொல்லட்டுமுங்க, அப்ப பாத்துக்கலாம்" என்பது வக்கீலின் பதில். அவர் வரவில்லை. எனவே யாரும் சொல்லவில்லை. நீதிமன்றம் நான்கு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதன் வட்டிக்கும் டிகிரி கொடுத்தது. பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன் என்று சொன்னேனே, அந்த டிகிரி.

அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான், இந்த விவகாரத்தில் நான் இத்தனை நாள் ஒரு பக்கத்தை மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது. வராதவனின் கடமை என்ன, அவனை எப்போது மன்னிக்கலாம் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தவனின் கடமை என்ன? எதிர்த் தரப்பு காலியாக இருக்கும்போது, அங்கிருந்து வந்திருக்க வேண்டிய உண்மையை யார் சொல்வது?

எதிர்வாதம் இல்லை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு டிகிரி கொடுக்கக்கூடாது, நிரூபணம் தேவைப்படும் விஷயத்தை நீதிமன்றம் நிரூபிக்கச் சொல்ல வேண்டும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் பல்ராஜ் தனேஜா வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் நீதிபதி முன்னால் இருப்பது பில்லும் டெலிவரி சலானும்தான். நோட்டு எங்கள் பட்டறையில் இருந்தது. நீதிமன்றம் எவ்வளவு கவனமாக இருந்தாலும், வாதி சொல்லாததை அது பார்க்க முடியாது.

எனவே இப்போது என் பதில் இப்படி இருக்கிறது.

சம்மன் சேராதவருக்கு டிகிரியை நிபந்தனையின்றி ரத்து செய்ய வேண்டும். அவர் கடன்காரரா என்பது கேள்வியே அல்ல. அதேசமயம் ஏலம் முடிந்து சொத்து மூன்றாமவர் கைக்குப் போய்விட்டால் ரத்து செய்வது பாதி மருந்தாகிவிடும். அதனால் ஜப்திக்கு முன்னால் இன்னொரு முறை, உண்மையாகவே கையில் சேரும்படி தகவல் சொல்வது, பின்னால் ரத்து செய்வதைவிட மேலானது.

தெரிந்தும் வராதவரிடம், ஏன் வரவில்லை என்பதைவிட, என்ன சொல்லப்போகிறாய், தெரிந்தபின் எவ்வளவு சீக்கிரம் வந்தாய், உன் தாமதத்தால் எதிராளிக்கு என்ன சேதம், அதை எப்படி ஈடுகட்டுவாய் என்ற கேள்விகளைக் கேட்க வேண்டும். 'எண்பத்தைந்தாயிரத்துக்கு எனக்கு வாதம் இருக்கிறது, மீதியைக் கட்டுகிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் கவரைப் பிரிக்காததை மன்னிக்கலாம். மீதியைக் கட்டட்டும், தகராறுள்ள பகுதிக்கு மட்டும் விசாரணை நடக்கட்டும். காரணமும் இல்லாமல், வாதமும் இல்லாமல், காலம் மட்டும் கேட்பவருக்குக் கதவை மூடலாம். அவருக்காக அப்பாவின் வெல்டர் வேலை இழக்கத் தேவையில்லை.

டெபாசிட் நிபந்தனையில் ஒரு முள் இருக்கிறது. எங்கள் வழக்கில் அவர் கட்டிய பாதித்தொகை, அவருடைய அம்மாவின் நகையை அடகு வைத்த பணம். அதையும் அந்த பேக்கரியில்தான் சொன்னார். அடகு வைக்க நகை இல்லாதவருக்கு அந்த நிபந்தனை கதவை மூடுவதுதான். அதனால் தொகை எல்லோருக்கும் ஒரே சதவீதமாக இருக்கக்கூடாது. வாதத்தின் வலுவையும் ஆளின் சக்தியையும் பார்த்து இருக்க வேண்டும். நடைமுறைச் சட்டம் நியாயத்துக்கு வழிவிடத்தான், ஆட்களைத் தடுக்கி விழவைக்க அல்ல என்று 1955இலேயே சங்கிராம் சிங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் சொல்லிவிட்டார். கெடுவும் நிபந்தனையும் வேண்டும் என்று வாதாடும் என்னைப் போன்றவர்கள் அதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வந்தவனைப் பற்றிய கேள்விக்கு மட்டும் என்னிடம் விதி இல்லை. எதிர்த் தரப்பு இல்லாதபோது, தனக்கு எதிரான கணக்கையும் வாதி பிரமாணத்தில் சொல்ல வேண்டும், மறைத்தது பின்னால் தெரிந்தால் டிகிரியை ரத்து செய்ய அதுவே போதும் என்று ஒரு விதி எழுதலாம். எழுத வேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த நோட்டைத் திறந்து காட்ட வைக்க எந்த விதியால் முடியும்?

அப்பா குளித்துவிட்டு வந்தார். நோட்டை மூடி எடுத்துவைத்தேன். "அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்" என்றார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "அவன் வருவான்னு நெனச்சேன் கண்ணு. வந்தா அவனே சொல்லிருவான்னு நெனச்சேன்" என்றார்.

நான் கேட்க நினைத்து இன்றுவரை கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அவர் வராமலே இருந்திருந்தால், அந்த எண்பத்தைந்தாயிரத்தை நாங்கள் திருப்பிக் கொடுத்திருப்போமா? அப்பாவைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. அந்தப் பணத்தில்தான் என் கல்விக்கடனை அடைப்பதாக இருந்தோம். என்னைப் பற்றிச் சொல்ல முடியும். நான் கொடுத்திருக்கமாட்டேன்.